தேச்சா கரண்டு வருமா?

வணக்கம் நேயர்களே. கரண்டைப் பத்திப் பேசச் சொன்னா நான் சுத்திச் சுத்தி சைக்கிள் டைனமோகிட்டதான் வந்து நிப்பேன், எங்க வீட்ல கேட்டு அலுத்துட்டாங்க, நீங்களாவது கேளுங்க.

டைனமோவைத் தட்டி விட்டா அதோட தலை டயர்ல உரசும், லைட் எரியும். அதனால உரசுறதுலதான் கரண்டு வருதுன்னு மன்னார்குடி பக்கம் பெரியவங்களே சொல்வாங்க. இல்லீங்க. அந்த உரசல் தலையைச் சுத்தி விட மட்டும்தான். உள்ள ஒரு காந்தம் சுத்துது, பக்கத்துல செப்புக்கம்பிச் சுருள், ரெண்டும் தொட்டுக்கவே தொட்டுக்காது. காந்தம் சுத்தச் சுத்த கம்பியில கரண்டு ஓடுது, வழக்கமா 6 வோல்ட், 3 வாட். ஐப்பசி மழையில வாய்க்கா கரையோட வந்தா டயர்ல சேறு அப்பி, தலை வழுக்கி, லைட் மினுக்கு மினுக்குன்னு மங்கும் பாருங்க, பிடிப்பு போச்சு, சுத்து குறைஞ்சுபோச்சு, அவ்வளவுதான் விஷயம். மேட்டூர்ல தண்ணி டர்பைனைச் சுத்துது, அங்க டயரும் கிடையாது உரசலும் கிடையாது, ஆனா உள்ள நடக்கிறது இதேதான்.

அப்ப தேச்சா வர்றது எது? பிளாஸ்டிக் சேர்லேர்ந்து எந்திரிச்சு கிரில் கேட்டைத் தொட்டா சுளீர்னு ஒண்ணு வைக்குமே, அது. ரெண்டு பொருள் தொட்டுப் பிரியறப்ப கொஞ்சம் எலக்ட்ரான் இதுலேர்ந்து அதுக்குப் போயிடும். தொட்டாலே போதும், தேச்சா நிறைய இடத்துல தொடுது, அதான் தேய்க்கிறோம். போன எலக்ட்ரான் அங்கயே உக்காந்திருக்கும், ஓடாது, அதான் ஸ்டேட்டிக். அந்தச் சுளீர்ல ஆயிரக்கணக்குல வோல்ட் இருக்கும், பயப்படாதீங்க, சரக்கு ரொம்பக் கம்மி, கண்ணிமைக்கிறதுக்குள்ள தீந்துடும்.

நம்ம ஊர்ல இது லேசுல மாட்டாது. கார்த்திகை மாசம் சீப்பைத் தலையில எவ்வளவு தேச்சாலும் காகிதத் துண்டு அசையாது, ஈரக்காத்து சீப்பு மேல படிஞ்சு சார்ஜை, அதான் அங்க சேர்ந்த மின்சாரத்தை, வடிச்சுடும். மாசி மாசம் மத்தியானத்துல தேச்சுப் பாருங்க, துள்ளிக்கிட்டு வந்து ஒட்டும். (பள்ளிக்கூடத்துல இந்தப் பாடத்தை அடைமழையில நடத்துறாங்க, என்னத்த சொல்ல.)

1800ல வோல்ட்டாங்கிற விஞ்ஞானி பேட்டரி செய்யுற வரைக்கும் ஆராய்ச்சிக்காரங்க எல்லாம் இப்படித் தேச்சுத் தேச்சுத்தான் காலத்தை ஓட்டினாங்க, அப்பறம் ஃபாரடேங்கிற விஞ்ஞானி 1833ல தேச்சு வர்றதும் பேட்டரியில வர்றதும் ஒரே மின்சாரம்தான்னு காட்டினாரு, ஒண்ணு தேங்கி நிக்குது, ஒண்ணு ஓடுது. அயர்ன் பாக்ஸ் சூடாகுறதும் ஒரு மாதிரி உரசல்தான்னு சொல்ல வந்தேன், ஓடுற எலக்ட்ரான் கம்பியில இருக்கிற அணுக்கள்ல மோதி மோதி... நேரமாச்சுன்னு கை காட்டுறாங்க. பெட்ரோல் பங்க்ல லாரி எண்ணெய் இறக்கறப்ப ஒரு ஒயரை க்ளிப் போட்டு மாட்டுவாங்க, சேர்ற சார்ஜைப் பூமிக்கு இறக்கத்தான் அது, அடுத்த தடவை கவனிச்சுப் பாருங்க. வர்றேங்க, வணக்கம்.