அம்மா சொன்னதுல எத என் மவகிட்ட சொல்ல? | முக்கூடல் வீட்டுத் தார்சாவுல இருந்து

வணக்கம் மக்கா. எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இன்னைக்கு சமையல் வீடியோவும் இல்ல, கடைக்குப் போற வீடியோவும் இல்ல. திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல்ல எங்கம்மா வீட்டுத் தார்சாவுல, அதான் கூடத்துல, உக்காந்திருக்கேன். பின்னால சத்தம் கேட்டுச்சுன்னா பொறுத்துக்கிடுங்க, அம்மா அடுக்களையில உளுந்தங்களி கிண்டிக்கிட்டு இருக்கா.

களின்னு சொன்னதுமே நம்ம ஊரு அக்கா தங்கச்சிமாருக்கு விஷயம் புரிஞ்சிருக்கும். ஆமா, என் மவ போன வாரம் பெரிய பிள்ள ஆயிட்டா. அவ பேரச் சொல்ல மாட்டேன், முகத்தையும் காட்ட மாட்டேன். வீடியோல பேசட்டுமான்னு அவகிட்டயே கேட்டேன். ரெண்டு நாள் யோசிச்சா. "என்னயப் பத்திப் பேசாத, ஆச்சியப் பத்திப் பேசு"ன்னு சொன்னா. அதான், அவ ஆச்சியப் பத்தி, எங்கம்மாவப் பத்திப் பேச வந்திருக்கேன்.

சடங்குக்கு மண்டபம் பிடிக்கலியா, ஃப்ளெக்ஸ் அடிக்கலியா, தாய்மாமன் சீர் எப்பம்னு ஊருல எல்லாரும் கேக்காவ. நாங்க வைக்கல. பிள்ளைக்கு இஷ்டம் இல்ல, அவ்வளவுதான். வைக்கிறவங்கள நான் குறை சொல்லல. ஆனா மைக் செட்டு போட்டு ஊரக் கூட்டுறதுக்கு முன்னால அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்த கேளுங்க. இத நான் கெஞ்சிக் கேக்கேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன். என் மவ ஒரு பருவத்துக்கு வந்துட்டா, இப்பம் ஒரு அம்மாவா நான் அவகிட்ட என்ன சொல்லணும்? ஒரு வாரமா ராத்திரி தூக்கம் வரல எனக்கு. எங்கம்மா எனக்கு என்ன சொன்னான்னு ஒண்ணொண்ணா நினைச்சுப் பாத்தேன்.

எங்கம்மா பீடி சுத்துனவ. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், இந்தச் சுத்துவட்டாரத்துல நீங்க எந்தத் தெருவுக்குப் போனாலும் மடியில சுளவ, அதான் முறத்த, வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற பொம்பளைகளப் பாக்கலாம். எங்கம்மா ஒம்பது வயசுல சுளவ மடியில வாங்குனவ. போன வருசம்தான் கீழ வச்சா. கண்ணு தெரியல, கழுத்து திரும்பல, அதான்.

இந்தா, இதக் கேமரா பக்கத்துல கொண்டு வாரேன், பாருங்க. இதுதான் அளவுத் தகடு. இலைய முந்துன நாள் சாயங்காலம் தண்ணியில நனைச்சு, ஈரச்சாக்குல சுத்தி வச்சிரணும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காட்டுல இருந்து வர்ற இல அது. காஞ்சு மொரமொரன்னு இருக்கும், ஊறுனாத்தான் வளையும். வெள்ளன எந்திரிச்சு இந்தத் தகட இலை மேல வச்சு, கத்திரியால சுத்தி வெட்டணும். அப்புறம் புகையிலைத் தூளப் போட்டு, சுருட்டி, நூலக் கட்டி, வாய மடக்கணும். இந்த மூலை மட்டும் தேஞ்சு வழுவழுன்னு இருக்கு பாத்தீங்களா? எங்கம்மாவோட இடது கைப் பெருவிரல் இங்கனதான் இருக்கும். தகரமே தேஞ்சு போச்சு மக்கா. வெரல் என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேந்தா 1000. கூலியே ஆயிரத்துக்கு இவ்வளவுன்னுதான். அந்த 40 கட்ட எண்ணுற சோலி மட்டும்தான் எங்கம்மா எனக்குத் தந்தா. எண்ணணும், நோட்டுல எழுதணும். இலைய நான் தொடக்கூடாது, தூளத் தொடவே கூடாது. கத்திரிய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பா.

அது எவ்வளவு பெரிய விஷயம்னு அப்பம் எனக்குத் தெரியாது. என்கூடப் படிச்ச பிள்ளைக எல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா பக்கத்துல உக்காந்து சுத்தும். 1986லயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தாச்சு, பீடி வேலைக்குப் பிள்ளைகள வைக்கக்கூடாதுன்னு. ஆனா வீட்டுல குடும்பத்தோட சேந்து செஞ்சா அது குத்தம் இல்லன்னு அதே சட்டத்துல விட்டுட்டாவ. எங்க ஊருல வேலையே வீட்டுலதான் நடக்கு! அப்புறம் எந்தப் பிள்ள தப்பிக்கும்? பொண்ணு பாக்க வாரவங்களும், "பிள்ள சுத்துவாளா, பாஸ்புக் இருக்கா"ன்னு கேட்ட காலம் அது. பாஸ்புக்குன்னா பீடிக் கம்பெனி தர்ற கணக்குப் புத்தகம். எங்க ஆச்சி, அதான் அம்மாவப் பெத்தவ, தலையில அடிச்சுக்கிடுவா. "இவளுக்கு ஒரு சோலியும் பழக்காம வச்சிருக்கியே, எவன் கெட்டுவான்?" அம்மா வாயத் திறக்க மாட்டா. சுத்திக்கிட்டே இருப்பா. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன்.

எண்ண வந்தவ, சுத்துன பீடிய வாங்குற கடைக்கும் அம்மாகூடப் போனேன். எந்தக் கம்பெனி, எந்தக் கடைன்னு சொல்லல, அது வேண்டாம். சரக்கு குடுக்க வரிசையா பொம்பளைக நிப்பாங்க. கடைக்காரர் ஒவ்வொரு கட்டா எடுத்து உருட்டிப் பாப்பாரு. மெலிசு, நூல் சரியில்ல, வாய் மடங்கலன்னு சொல்லி சிலதத் தூக்கி அங்கிட்டு ஒரு பெட்டியில போடுவாரு. அதுக்குப் பேரு கழிவு. கழிவுக்குக் கூலி கிடையாது. ஆனா அந்தப் பீடியும் நம்ம கைக்குத் திரும்பி வராது. அது எங்க போகுதுன்னு யாரும் கேக்கவும் மாட்டாங்க.

நான் ஏழாங்கிளாஸ் படிக்கும்போது ஒருநாள் எங்கம்மா கேட்டுட்டா. சத்தம் போடல. "அண்ணாச்சி, கழிச்சதுக்குக் கூலி வேண்டாம். கழிச்ச பீடிய எங்கையில தாங்க. இல்லன்னா எங்கண்ணு முன்னால பிச்சுப் போடுங்க." வரிசையில ஒரு சத்தம் இல்ல. அவரு அம்மாவப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு, என் கையில இருந்த நோட்டப் பாத்தாரு. மூணு கட்ட எடுத்து எங்க பக்கமாத் திருப்பிப் போட்டாரு.

அடுத்த வாரம் கடையில எங்களுக்குத் தந்த இல முக்காவாசி ஓட்டை. வெட்டவே முடியல. அம்மா காசு குடுத்து வெளியில இல வாங்கித்தான் 1000 முடிச்சா. ராத்திரி நான் அழுதேன். "ஏம்மா கேட்ட? பேசாம இருந்திருக்கலாம்லா?" அவ சொன்னா, "ஏட்டி, கேட்டா என்ன போவும்னு முன்னாலயே எண்ணித்தான் கேட்டேன். ரெண்டு வாரம் இலை மோசமா வரும். கேக்கலன்னா ஆயுசுக்கும் கழிவு போவும். எது பெருசு?"

இப்பம் நான் திருநெல்வேலியில ஒரு ஜவுளிக்கடையில கணக்கு பாக்கேன். பி.காம் படிச்சேன். ஆனா கணக்கு எனக்கு அந்த ராத்திரி வந்ததுதான்.

"எண்ணி வாங்கு, எழுதி வை, சீட்ட விடாத." இது மூணையும் அவ சொல்லாத நாள் இல்ல. டவுன் பஸ்ல இப்பம் பொம்பளைகளுக்கு டிக்கெட் காசு கிடையாதுல்லா, 2021ல இருந்து? அதுலயும் எங்கம்மா கண்டக்டர்கிட்ட கேட்டு அந்த டிக்கெட் சீட்ட வாங்காம உக்கார மாட்டா. "காசு இல்லன்னாலும் நான் ஏறுனதுக்கு ஒரு கணக்கு வேணும்லா"ன்னு சொல்லுவா.

அவ பி.எஃப். பணம் எடுக்கப் போனப்பம் இந்தச் சீட்டுப் புத்திதான் காப்பாத்துச்சு. கம்பெனியில எழுதுனவங்க என்னைக்கோ அம்மா பேர ஒரு எழுத்து மாத்தி எழுதிட்டாங்க. ஆதார்ல வேற மாதிரி இருக்கு. "ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படி நம்ப?"ன்னு கேட்டாங்க. எங்கம்மா மறுநாள் ஒரு தகரப்பெட்டியத் தூக்கிட்டுப் போனா. பழைய பாஸ்புக், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, எனக்குப் படிப்பு உதவித்தொகைக்கு எழுதிக் குடுத்த ஃபாரத்தோட நகல், எல்லாம் தேதி வாரியா நூல் போட்டுக் கட்டி இருக்கு. பீடிக் கட்டுற அதே நூல். பணம் வர ஏழு மாசம் ஆச்சு, ஆனா வந்துச்சு. அதே தெருவுல அவகூட உக்காந்து சுத்துன ரெண்டு பேருக்கு இன்னும் வரல. அவங்ககிட்ட பழைய பேப்பர் இல்ல. அதச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியுது.

நீங்களும் உங்க வீட்டுல அம்மா, அத்தை, சித்தி யாராவது பீடி சுத்துனா, இன்னைக்கே பாஸ்புக்க எடுத்து ஆதார்ல உள்ள பேரோட ஒப்பிட்டுப் பாத்திருங்க. வேலைய விட்டபிறகு பாக்கலாம்னு இருக்காதீங்க.

எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல மாப்பிள்ள வீட்டுல ஒரு அவசரம்னு என் நகைய அடகு வச்சாங்க. நானும் சந்தோசமாத்தான் குடுத்தேன். அம்மாகிட்ட சொன்னப்பம் ஏன் குடுத்தன்னு கேக்கல. "சீட்டு யாரு பேர்ல?"ன்னு கேட்டா. நான் முழிச்சேன். "நகை உன்னுது. சீட்டு அவிய பேர்ல இருந்தா, திருப்பும்போது அது யாரு கைக்கு வரும்? நம்பிக்கை இல்லாம கேக்கலட்டி. நாளைக்கு நம்பிக்கை போயிரக்கூடாதுன்னு கேக்கேன்." அன்னைக்கே போய் என் பேருக்கு மாத்தி வச்சேன். எங்க வீட்டுக்காரவுகளுக்கு மொதல்ல வருத்தம்தான். இப்பம் அவியளே அவிய தங்கச்சிகிட்ட அதச் சொல்லுதாவ.

ஆனா எங்கம்மா சொன்னது எல்லாமே நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். இதத்தான் நான் இன்னைக்கு முக்கியமாப் பேசணும்னு வந்தேன்.

மவ பொறந்ததும் என்னய வேலைய விடச் சொன்னாவ. எனக்கு மனசே இல்ல. அம்மாகிட்ட ஓடி வந்தேன். கழிவ எங்கையில குடுன்னு கேட்டவ, எனக்காகவும் கேப்பான்னு நினைச்சேன். அவ சொன்னது, "பொறுத்துப் போ, பிள்ள. பொம்பள பொறுத்தாத்தான் வீடு." அவ்வளவுதான். நாலு வருசம் வீட்டுல இருந்தேன். பிள்ளைய வளத்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அது தங்கமான காலம். ஆனா யாரும் கேக்காம எடுத்துக்கிட்ட நாலு வருசம் அது. திரும்ப வேலைக்குப் போனப்பம் எனக்குப் பின்னால சேந்தவகிட்ட போய் நான் வேலை பழகினேன்.

ரொம்ப நாள் கழிச்சு, இதே தார்சாவுல, அம்மா இல வெட்டிக்கிட்டு இருந்தா. நான் எதுவும் கேக்கல. அவளா ஆரம்பிச்சா. "அன்னைக்குப் பொறுத்துப் போன்னு சொன்னேன்லா? அது எங்கம்மா எனக்குச் சொன்னது. அத அப்படியே எடுத்து ஒங்கையில குடுத்துட்டேன். எண்ணிப் பாக்காம குடுத்துட்டேன், பிள்ள." சொல்லிட்டு கத்திரிய நிறுத்தல. இல வெட்டுற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

எண்ணாம எதையும் வாங்காதன்னு சொன்னவ, ஒண்ண மட்டும் எண்ணாம வாங்கி, எண்ணாம குடுத்திருக்கா. எங்க ஆச்சிக்கு அவ அம்மா சொல்லியிருப்பா. எத்தன தலமுறையோ. அந்த வார்த்தைய நான் என் மவகிட்ட சொல்ல மாட்டேன். அது எங்கையோட நிக்கட்டும். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், "சரிதான்"ன்னு சொன்னா.

ஒரு நிமிசம். அம்மா கூப்பிடுதா... இந்தா வாரேன்மா! களிக்கு எண்ணெய் விடணுமாம், கை வலிக்குதாம்.

வந்துட்டேன். கருப்பு உளுந்தும் பச்சரிசியும் வறுத்துத் திரிச்ச மாவு, உடன்குடிக் கருப்பட்டியக் கரைச்சு வடிகட்டுன பாகு, நல்லெண்ணெய். அடுப்ப சிம்ல வச்சு கை விடாம கிண்டணும். தண்ணியத் தொட்டுக் களியத் தொட்டா கையில ஒட்டக்கூடாது, அதான் பதம். எனக்கும் இதே அடுப்புலதான் கிண்டித் தந்தா. அப்பம் எங்க ஆச்சி என்னயத் தனியா ஒரு மூலையில உக்கார வச்சு, தட்டும் டம்ளரும் தனியா வச்சா. அம்மா மாமியாளையும் எதுத்துப் பேச மாட்டா, பெத்தவளையும் எதுத்துப் பேச மாட்டா. ராத்திரி அவ பாயத் தூக்கிட்டு வந்து என் பக்கத்துல விரிச்சுப் படுத்தா. என் தட்டுலயே சாப்பிட்டா. ஆச்சி பாத்துக்கிட்டே இருந்தா, ஒண்ணும் சொல்ல முடியல.

என் மவளுக்கு மூலையும் கிடையாது, தனித் தட்டும் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு ரெண்டே நாள்தான் லீவு போட்டா.

நேத்து சாயங்காலம் அவகிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கன்னு நான் தயங்கிக்கிட்டே இருந்தேன். எங்கம்மா எனக்கு முன்னால போயிட்டா. அந்தத் தகரப்பெட்டியத் திறந்து, ஒரு புது நோட்ட எடுத்தா. பேரப்பிள்ள மடியில வச்சா. "இனிமே மாசாமாசம் தேதிய எழுதி வை. எத்தன நாள்னு எண்ணு. ஒடம்புல ஒண்ணு மாறுனா ஒனக்குத்தான் மொதல்ல தெரியணும். டாக்டர் கேட்டா அம்மா மொகத்தப் பாக்காம நீயே சொல்லணும்."

பிள்ள மொதப் பக்கத்தத் திறந்து, கோடு போட்டு, தேதி எழுதுனா. நான் மெல்ல எட்டிப் பாக்கப் போனேன். நோட்ட மூடி நெஞ்சோட வச்சுக்கிட்டு, "இது என் நோட்டு"ன்னு சொல்லிட்டா. அம்மா என்னயத் திரும்பிப் பாத்தா. நான் எந்திரிச்சு அடுக்களைக்குள்ள போயிட்டேன்.

சரி மக்கா, களி ஆறுது. நான் போய் பிள்ளைக்கு எடுத்து வைக்கேன். உங்க அம்மா சொன்னதுல நீங்க எத வச்சுக்கிட்டீங்க, எத விட்டீங்கன்னு எழுதுங்க, எல்லாத்தையும் உக்காந்து படிப்பேன். வாரேன்.