பயம் வந்தா விசுவாசம் போயிடுச்சா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கடலூர் முதுநகர்ல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. கொஞ்சம் நீளம்தான், ஆனா முழுசா படிச்சுடறேன். வந்ததுல இருந்து மனசைக் குடையற கேள்வி இது.

"ஐயா, என் வீட்டுக்காரர் விசைப்படகுல கூலிக்குப் போறவர். மீன்பிடித் தடைக்காலத்துல வெச்ச நகை இன்னும் அடகுலதான் இருக்கு. மாமியாருக்குச் சுகர். தினமும் விடியக்காலை ஜெபிக்கிறேன். ஆனாலும் அவர் கடல்ல இருக்கிற ராத்திரியில பயத்துல தூக்கம் வர்றதில்ல. எங்க ஜெபக்குழுவுல ஒரு அக்கா, பயம் இருக்கிற இடத்துல விசுவாசம் இருக்காது, மாத்திரை, சேமிப்பு, இன்சூரன்ஸ்னு ஓடறதும் அவிசுவாசம்தான்னு சொல்லிட்டாங்க. எனக்கு விசுவாசம் இல்லையா ஐயா?"

இருக்கு சகோதரி. பயந்துக்கிட்டே விடியக்காலையில எழுந்து ஆண்டவர்கிட்ட போய் உட்கார்றீங்களே, அதுக்கு வேற என்ன பேர் வைக்க முடியும்?

சங்கீதம் 56, மூணாம் வசனத்தை எடுத்துப் பாருங்க. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊர்ல பிடிச்சப்போ பாடினதுன்னு தலைப்புலயே போட்டிருக்கு. பயமும் நம்பிக்கையும் ஒரே வசனத்துல, ஒரே நாள்ல இருக்கு. பயம் போன மறுநாள் நம்புவேன்னு அவர் சொல்லல. மாற்கு 9ல பிள்ளையைக் கூட்டிட்டு வந்த தகப்பன் கண்ணீரோட என்ன சொன்னார்? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." முதல்ல அவிசுவாசத்தைச் சரி பண்ணிட்டு வான்னு இயேசு அவரைத் திருப்பி அனுப்பல, அந்தப் பிள்ளையைக் குணமாக்கினார். கெத்செமனேயில நம்ம ஆண்டவரே திகிலடைஞ்சார், வியாகுலப்பட்டார்னு மாற்கு 14 எழுதுது. பயம் வந்தாலே விசுவாசம் இல்லைன்னா, அந்த ராத்திரியைப் பத்தி நாம என்ன சொல்லப் போறோம்?

தொடர்ந்து பார்க்கறவங்களுக்கு நான் எங்க வரப் போறேன்னு தெரியும். அப்போஸ்தலர் 27. முன்னாடியும் பேசியிருக்கேன். கடல்காரங்க வீட்டுல இருந்து கேள்வி வந்திருக்கிறப்போ இதை விட்டுட்டு வேற எங்க போறது?

பவுல் கைதியா ரோமாபுரிக்குப் போறார். கிரேத்தா தீவுல நல்ல துறைமுகம்னு ஒரு இடம். உபவாச நாளும் கழிஞ்சு போச்சுன்னு லூக்கா குறிக்கிறார். யூதருடைய பாவநிவிர்த்தி நாள் அது, செப்டம்பர், அக்டோபர்ல வரும். அதுக்கப்புறம் மத்தியதரைக் கடல்ல கப்பல் விடறது ஆபத்து. நமக்கு ஐப்பசி, கார்த்திகை எப்படியோ அப்படி. இப்போ கிளம்ப வேண்டாம்னு பவுல் சொல்றார். கைதிகளைக் கூட்டிட்டுப் போற ரோமப் படை அதிகாரி, நூற்றுக்கதிபதி, அதைக் கேட்கல, மாலுமியையும் கப்பல் எஜமானையும்தான் நம்பறார். தென்றல் மெதுவா அடிக்கவும் நங்கூரத்தைத் தூக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல யூரோக்கிலிதோன்னு கடுங்காற்று அடிச்சுது. கப்பலைக் கயிறு போட்டுச் சுத்திக் கட்டறாங்க, சரக்கைக் கடல்ல தள்றாங்க, மூணாம் நாள் தளவாடத்தையும் எறியறாங்க. அப்போ தேவதூதன் பவுல்கிட்ட வந்து, உன்கூட யாத்திரை பண்ற எல்லாரையும் தேவன் உனக்குத் தந்தார்ங்கிறான். வாக்குத்தத்தம் வந்தாச்சு. பவுலும், "எனக்குச் சொல்லப்பட்ட பிரகாரமாகவே நடக்கும்"னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டார்.

இனிமேதான் கவனிக்கணும். வாக்குத்தத்தம் வந்துடுச்சேன்னு யாரும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரல. பதினாலாம் ராத்திரி விழுது விட்டு ஆழம் பார்க்கறாங்க. 20 பாகம். சற்று அப்புறம் போய் மறுபடி விடறாங்க, 15 பாகம். தேவனாம்பட்டினத்துலயும் வீராம்பட்டினத்துலயும் பாகக் கணக்கு யாருக்கும் விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன், ரெண்டு கையையும் விரிச்ச அளவு, ஏறக்குறைய 6 அடி. அப்படின்னா 120 அடி ஆழம் 90 ஆகுது, கரை கிட்ட வருது, பாறையில மோதலாம். உடனே பின்னணியத்துல இருந்து 4 நங்கூரம் இறக்கி, பொழுது எப்போ விடியும்னு இருந்தாங்க. பின்பக்கம் போட்டதுல ஒரு காரணம் உண்டு. முன்பக்கம் போட்டிருந்தா காத்துல கப்பல் திரும்பிடும். பின்னாடி போட்டதால முகப்பு கரையைப் பார்த்தபடியே நின்னுது, விடிஞ்சதும் கரையை நோக்கி ஓட்ட வசதி.

அந்த நேரத்துல கப்பலாட்கள் படவை இறக்கி நைசா தப்பிக்கப் பார்க்கறாங்க. பவுல் என்ன சொல்றார்? "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்." எல்லார் உயிரும் தப்பும்னு தேவன் சொல்லியாச்சு. அதை எல்லாருக்கும் சொன்ன அதே வாயால, தொழில் தெரிஞ்சவங்க கப்பல்ல இருக்கணும்னும் சொல்றார். நான் திரும்பத் திரும்ப இந்த 31ஆம் வசனத்துக்கு வர்றது அதுக்காகத்தான். விழுது விட்டவங்களை, நங்கூரம் போட்டவங்களை அவர் அவிசுவாசின்னு சொல்லல. முடிவுல கப்பல் உடைஞ்சுது. சிலர் நீந்தினாங்க, சிலர் பலகையைப் பிடிச்சாங்க, சிலர் கப்பல் துண்டுகள்மேல கரை சேர்ந்தாங்க. 276 பேரும் பிழைச்சாங்க.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம். முதல்ல மாத்திரை. 2 இராஜாக்கள் 20ல எசேக்கியாவுக்கு ஆண்டவர் சுகம் தர்றேன், மூணாம் நாள் ஆலயத்துக்குப் போவாய், ஆயுசுல 15 வருஷம் கூட்டுவேன்னு சொல்லியாச்சு. சொன்ன கையோட ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டு வரச் சொல்றார், அதைப் பிளவையின்மேல் வெச்சுக் கட்டறாங்க. வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அறையில இருக்கு. அதனால மாமியாருக்குச் சுகர் குறைஞ்சு தெம்பா இருந்தாலும் மாத்திரையை நிறுத்திடாதீங்க. குறைஞ்சதே அந்த மாத்திரையாலதான் இருக்கும். நிறுத்தினா ஏறும், ஏறறது பல நாள் வெளியில தெரியாது, உள்ளே கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் கெடுத்துக்கிட்டே இருக்கும்.

உபவாச ஜெபத்தைப் பத்தியும் இங்கேயே சொல்லிடறேன், நிறைய வீட்டுல இது நடக்குது. இன்சுலின் போடறவங்க, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கறவங்க, வழக்கம்போல மருந்தைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சுகர் சட்டுனு இறங்கிடும். வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். ஆவியில நிறைஞ்சுட்டாங்கன்னு பக்கத்துல இருக்கறவங்க நினைச்சுட்டா உயிருக்கே ஆபத்து. 70க்குக் கீழ போனா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்க வைங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை குடுங்க. நினைவு தப்பினவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது, புரையேறிடும், 108க்குக் கூப்பிடுங்க. உபவாசம் இருக்கணும்னா டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்கணும். அவர் வேண்டாம்னா, சாப்பிட்டுட்டு ஜெபிக்கலாம். ஆண்டவர் அதையும் கேட்பார்.

அடுத்தது கடன். 2 இராஜாக்கள் 4ல விதவையோட எண்ணெய்க் குடத்தை எல்லாரும் அற்புதத்துக்காகப் பிரசங்கம் பண்றோம். எலிசா போற வரிசையையும் பாருங்க. வீட்டுல என்ன இருக்குன்னு கேட்கறார். வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்றார். எண்ணெய் பெருகினப்புறம் அதை விற்று முதல்ல கடனைத் தீர், மீந்ததை வெச்சு நீயும் பிள்ளைகளும் ஜீவனம் பண்ணுங்கறார். நீங்களும் ஒரு நோட்டை எடுத்து, யார்கிட்ட எவ்வளவு, என்ன வட்டி, கெடு தேதி என்ன, எந்த நகைன்னு எழுதுங்க. அடகுச் சீட்டு எல்லாம் ஒரே பையில இருக்கட்டும். எதுக்கு வட்டி அதிகமோ அதை முதல்ல அடைக்கப் பாருங்க. ஒரு இடத்து வட்டியைக் கட்ட இன்னொரு இடத்துல கந்துவட்டிக்கு வாங்கறதுலதான் நிறைய குடும்பம் கவிழுது. கந்துவட்டி வசூலிக்கறது தமிழ்நாட்டுல 2003 சட்டப்படி குற்றம், புகார் கொடுக்கலாம்.

சேமிப்பு அவிசுவாசம்னா யோசேப்பு என்ன பண்ணினார்? விளைஞ்ச ஏழு வருஷமும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வெச்சார், பஞ்ச வருஷத்துல எகிப்து பிழைச்சுது. உங்களுக்கு ஏழு வருஷத்துக்கெல்லாம் சேர்க்க வேண்டாம். கிழக்குக் கடற்கரையில தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள். வருஷா வருஷம் தேதி தெரிஞ்சு வர்ற பஞ்சம் இது. தொழிலுக்குப் போயிட்டு வந்து பங்கு பிரிக்கிற அன்னிக்கே கொஞ்சம் தனியா போகணும். வீட்டுக்கு வந்து மீந்தா போடலாம்னா மிஞ்சாது. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்துல சேர்ந்திருக்கீங்களான்னும் சொசைட்டியில கேளுங்க.

கடலைப் பத்தி உங்க வீட்டுக்காரருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்: லைஃப் ஜாக்கெட் படகு அடியில கிடக்கக் கூடாது, உடம்புல இருக்கணும். கடலோரக் காவல்படை நம்பர் 1554, உங்க போன்லயும் இருக்கட்டும். தானே புயல் 2011 டிசம்பர் 30ல கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை கடந்துச்சு, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30ல புதுச்சேரி பக்கத்துல. துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினா போக வேண்டாம். பவுல் நல்ல துறைமுகத்துல சொன்னதும் இதையேதான்.

சரி, ராத்திரி தூக்கம் வராதப்போ என்ன பண்றது? சங்கீதம் 13ஐ எடுங்க, ஆறே வசனம். முதல் ரெண்டு வசனத்துல முறையீடு, "எதுவரைக்கும்"னு நாலு தடவை கேட்கறார். அடுத்த ரெண்டுல வேண்டுதல், "எனக்குச் செவிகொடுத்தருளும்." கடைசி ரெண்டுல நம்பிக்கை. இதே வரிசையில உங்க சொந்த வார்த்தையைப் போடுங்க. எதுவரைக்கும் ஆண்டவரே இந்த நகை அடகுலயே இருக்கும்னு கேளுங்க, தப்பில்ல. அப்புறம் ஒரே ஒரு காரியத்தைக் குறிப்பா கேளுங்க. மூணாவது பகுதி வாயில வரலைன்னா வற்புறுத்தி வரவழைக்காதீங்க, தாவீதோட வரியையே படிச்சுட்டுப் படுத்துடுங்க. பலரும் முதல் பகுதியைத் தாண்டிட்டு நேரா ஸ்தோத்திரத்துக்குப் போறாங்க, உள்ளே இருக்கிற பாரம் அப்படியே நிக்குது. சங்கீதம் 88 இருளோடயே முடியுது, அதையும் ஆண்டவர் வேதத்துல வெச்சிருக்கார். பல வாரமா தூக்கமே இல்ல, சாப்பாடு இறங்கல, உயிரை மாய்ச்சுக்கலாம்னு தோணுதுன்னா ஜெபத்தோட டாக்டரையும் பாருங்க. சூரைச்செடியின் கீழ சாகணும்னு கேட்ட எலியாவுக்கு ஆண்டவர் முதல்ல கொடுத்தது தூக்கமும் அடையும் தண்ணியும்.

உண்மையைச் சொல்லணும்னா சகோதரி, இந்தக் கேள்வியை நீங்க கேட்டிருக்க வேண்டியதில்ல. உங்ககிட்ட அப்படிப் பேசின அக்கா கேட்டிருக்கணும்: கஷ்டத்துல இருக்கிற வீட்டுக்கு நான் எப்படிப் போகணும்னு. அவங்களும் பார்க்கறாங்கன்னு நம்பித்தான் சொல்றேன். யாக்கோபு 2ல, அநுதின ஆகாரம் இல்லாதவங்ககிட்ட "குளிர்காய்ந்து பசியாறுங்கள்"னு வாயால சொல்லிட்டு ஒண்ணும் கொடுக்கலைன்னா பிரயோஜனம் என்னன்னு கேட்கறார். அந்தப் பதினாலாம் நாள் கப்பல்ல பவுல் அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பா ஸ்தோத்திரம் பண்ணி, தானே முதல்ல புசிச்சார். அதைப் பார்த்துத்தான் மத்தவங்களும் திடமனப்பட்டுச் சாப்பிட்டாங்க. பயந்தவங்களை அவர் திட்டல, சாப்பிட வெச்சார்.

அதனால அக்கா, படகு கடல்ல இருக்கிற ராத்திரி அந்த வீட்டுக்குப் போங்க. போறப்போ அஞ்சு கிலோ அரிசியோ, அந்த மாச மாத்திரைப் பட்டையோ கொண்டு போங்க. சீட்டுல என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம்னு பார்த்து அதையே வாங்குங்க. போனதும் வசனம் சொல்ல ஆரம்பிக்காதீங்க, அவங்க பேசட்டும். யோபுவோட சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காம கூட உட்கார்ந்திருந்தாங்க. காரியம் கெட்டது, அவங்க பேச ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான். கிளம்பறப்போ சின்னதா ஒரு ஜெபம், அவங்க சொன்ன காரியத்தையே பேர் சொல்லி. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் போய்ப் பாருங்க.

சகோதரி, சங்கீதம் 13ஐ இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிங்க, கடன் நோட்டை நாளைக்குக் காலையில. அடுத்த கேள்வி வில்லியனூர்ல இருந்து ஒரு தம்பி, தசமபாகத்தைப் பத்திக் கேட்டிருக்கார்.