ஊசி முனையில் ஒரு தராசு

வணக்கம் நேயர்களே. பிளாஸ்டிக் சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தால் அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும், சின்ன வயதில் எல்லோரும் செய்து பார்த்ததுதான். சரி, அந்த மின்னூட்டம் சீப்பின் மேல் எப்படி இருக்கிறது? ஒரே சீராகப் பரவியிருக்கிறதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா? இந்த மாதிரிக் கேள்விகளை ஓர் ஊசி முனையை வைத்துக் கேட்பதுதான் என் வேலை.

கருவியின் பெயர் அணுவிசை நுண்ணோக்கி. 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் அறிமுகப்படுத்தியது. தலைமுடியைவிட மெல்லிய சிலிக்கான் பட்டை, அதன் நுனியில் ஊசி, பட்டையின் முதுகில் லேசர். பட்டை கொஞ்சம் வளைந்தாலும் போதும், பட்டுத் திரும்பும் ஒளி நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். மின்விசை பார்க்க வேண்டுமென்றால் ஊசிக்கு உலோகப் பூச்சு வேண்டும், ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை ஓட்ட வேண்டும்: முதலில் மேடுபள்ளம் பார்க்க, அப்புறம் ஊசியைச் சில பத்து நானோமீட்டர் தூக்கி அதே மேடுபள்ளத்தை ஒட்டியே மறுபடியும். அந்த உயரத்துக்கு மற்ற விசைகள் எட்டாது, மின்விசை எட்டும்.

ஆனால் இதை நம்பி ஏமாறவும் செய்யலாம். செல்லோடேப்பால் உரித்த கிராஃபைட்டில் நான் ஆரம்பத்தில் எடுத்த ஒரு படத்தில், படிக்கட்டு மாதிரி உரிந்திருந்த அடுக்குகளின் விளிம்புகள் எல்லாம் பளிச்சென்று கோடு போட்ட மாதிரி தெரிந்தன. மின்னூட்டம் அங்கே சேர்ந்திருக்கிறது என்றே இரண்டு நாள் நம்பினேன். பிறகு ஊசியின் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மின்னூட்டமாக இருந்தால் கோடும் மாற வேண்டும், ஆனால் அது அசையவே இல்லை. அது வெறும் மேடு.

இன்னொரு சிக்கலும் உண்டு. விசை மின்னழுத்த வேறுபாட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் அந்த இடம் ப்ளஸ்ஸா மைனஸா என்று விசையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதற்கு வழி 1898-லேயே கெல்வின் பிரபு உலோகத் தகடுகளை வைத்துக் காட்டிய முறையில் இருந்தது. அதை ஊசிக்குக் கொண்டுவந்தவர்கள் ஐபிஎம் ஆய்வகத்தின் நானன்மாக்கர், ஓ'பாயில், விக்ரமசிங்க மூவரும், 1991-இல். விக்ரமசிங்க இலங்கையில் பிறந்தவர். ஊசிக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால் அது ஆடும். கூடவே திசை மாறாத ஒரு மின்னழுத்தத்தையும் கொடுத்து, ஆட்டம் நிற்கும்வரை கூட்டிக் குறைக்க வேண்டும். காய்கறிக் கடைத் தராசில் முள் நேராக நிற்கும்வரை எடைக்கல் மாற்றுவது மாதிரிதான். முள் நின்றதும் எடைக்கல்லைப் படிக்கிறோம் இல்லையா, அதேபோல இங்கே கொடுத்த மின்னழுத்தத்தைப் படித்தால் அந்த இடத்தின் மின்னழுத்த வேறுபாடு குறியோடு கிடைத்துவிடும். விசையை அளக்க முயலாமல் அதை இல்லாமலாக்கி அளப்பது, எத்தனை அழகான யோசனை!

சீப்புக்கு வருவோம். 2011-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு பிளாஸ்டிக் போன்ற பாலிமர் துண்டுகளை ஒன்றோடொன்று தொட்டுப் பிரித்து, இதே கெல்வின் முறையில் வருடிப் பார்த்தது. ஒன்று முழுக்க ப்ளஸ், மற்றது முழுக்க மைனஸ் என்றுதானே பள்ளியில் படித்தோம்? அப்படி இல்லை. இரண்டு பரப்பிலுமே ப்ளஸ்ஸும் மைனஸும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடந்தன. வெளியே நாம் அளக்கும் மின்னூட்டம், அவை ஒன்றையொன்று கழித்துக்கொண்டது போக மிஞ்சியது மட்டும்தான்.