பிறந்ததும் அழாத குழந்தை: மூன்றாம் மாத அசைவு என்ன சொல்கிறது?

[திரையில்: பிரசவ அறைச் சுவரில் ஓடும் கடிகாரம்]

"பொறந்ததும் குழந்தை அழலைங்க, டாக்டர்." இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: இவன் நடப்பானா, பேசுவானா? பிறக்கும் நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோன குழந்தையின் வளர்ச்சியை எவ்வளவு தூரம் முன்கூட்டிச் சொல்லலாம்? பார்ப்போம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் முதலில் கண்ணில் படுவது அப்கார் எண். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1953-ல் வெளியிட்ட முறை இது. இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் முகம் சுளிப்பது, நிறம் என ஐந்துக்கும் தலா 2 மதிப்பெண் வரை. பிறந்த அந்த நிமிடங்களில் குழந்தை எப்படி இருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். அதை வைத்து, பள்ளிக்கூட வயதில் குழந்தை எப்படி இருக்கும் என்று கணிக்கவே கூடாது. அந்த ஒரு எண்ணைப் பார்த்துப் பார்த்து அழும் அம்மாக்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த சில நாட்களில் தெரிவது கூடுதல் நம்பகமானது. குழந்தை விழிக்கிறதா, துவண்டு கிடக்கிறதா, பால் உறிஞ்சுகிறதா, வலிப்பு வந்ததா? இவற்றை வைத்து மூளைப் பாதிப்பை லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று பிரிப்பார்கள். முதல் வாரத்து எம்ஆர்ஐ-யில் மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ், பாசல் காங்கிலியா பகுதிகளில் பெரிய காயம் தெரிந்தால், கை கால் அசைவு பாதிக்கும் செரிப்ரல் பால்சிக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் நடுத்தரம் என்று எழுதப்பட்ட குழந்தைகள் பலருக்கு இதற்குப் பிறகும் பதில் தெளிவாக இருக்காது.

[திரையில்: பாயில் மல்லாந்து கிடக்கும் மூன்று மாதக் குழந்தை]

இந்தக் குழந்தையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அழவில்லை, எதையும் எட்டிப் பிடிக்கவில்லை. ஆனாலும் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாம் சின்னச் சின்னதாக, எல்லாத் திசையிலும் நெளிந்துகொண்டே இருக்கின்றன. இதற்கு ஃபிட்ஜெட்டி அசைவுகள் என்று பெயர். குறித்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணி 3 முதல் 5 மாதம் வரை இருக்கும்.

குழந்தைகளின் நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்த மருத்துவர் ஹைன்ஸ் பிரெக்டெல் குழுவினர் 1997-ல் 130 குழந்தைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்த அசைவு சரியாக இருந்த 70 பேரில் 67 பேருக்கு நரம்பு வளர்ச்சி இயல்பாக அமைந்தது. அசைவே இல்லாத அல்லது மாறுபட்டிருந்த 60 பேரில் 57 பேருக்குக் குறைபாடு தெரிந்தது. பெரிய கருவி எதுவும் வேண்டாம், பயிற்சி பெற்ற கண் போதும்!

வீடியோவை நீங்களே எடுக்கலாம். குழந்தை விழித்து, பசியில்லாமல், அமைதியாக இருக்கும் நேரம் பாருங்கள். கை கால் தெரியும்படி லேசான உடை போதும். கிலுகிலுப்பை வேண்டாம், யாரும் கொஞ்ச வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். மேலிருந்து முழு உடம்பும் தெரிய மூன்று, நான்கு நிமிடம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அசைவு இல்லை என்றால் அந்த வாரமே பயிற்சி சிகிச்சையைத் தொடங்கலாம். ஒரு வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, அசைவு நன்றாக இருந்தால்? உடல் இயக்கத்தைப் பற்றிய கவலை பெரிதும் குறையும். பேச்சு, கவனம், படிப்பு எப்படி வரும் என்பதை இது சொல்லாது. அதனால் பரிசோதனைக்கு வரச் சொன்ன தேதிகளைத் தவறவிடாதீர்கள். அப்புறம், ஒரு வயதுக்குள் குழந்தை எப்போதும் ஒரே கையை நீட்டினால், "இப்பவே இடது கைப் பழக்கம்!" என்று விட்டுவிடாமல், நீட்டாத அந்த இன்னொரு கையை மருத்துவரிடம் காட்டுங்கள்.