ஏழு மணி வாக்கில்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் வீடு மாறினோம். பொருள் வாங்கும் செயலி ஒன்றில் முகவரியை மாற்றி 'சேமி'யை அழுத்தினேன். 'மாற்றப்பட்டது' என்று வந்தது. திரும்பத் திறந்தால் பழைய முகவரி! மறுபடி மாற்றினேன், மறுபடியும் பழையதே. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் புதியது சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. "நீங்க பார்க்கிற வேலையும் இப்படித்தானா?" என்றார் என் மனைவி. டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன் என்ன சொல்ல முடியும்?

நான் எழுதியது ஒரு சர்வரில். படித்தது வேறோர் ஊரில் இருக்கும் நகலில். நகல் எதற்கு? கண்ணாடி இழைக்குள் ஒளியே விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்த் திரும்பக் குறைந்தது 29 மில்லி விநாடி. அமெரிக்கக் கிழக்குக் கரை என்றால் 130க்கு மேல். கேபிள் சுற்றி வளைத்துப் போவதால் நடைமுறையில் 200ஐத் தாண்டும். ஒரு பக்கம் திறக்கப் பத்து முறை போய் வரவேண்டும் என்றால் 2 விநாடி போச்சு. அதனால் பக்கத்திலேயே ஒரு நகல் வைக்கிறோம். நகல் பெருகினால், ஒரு மாற்றம் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும்வரை பேச்சும் மாறும்.

டைனமோ என்ற தன் டேட்டா சேமிப்பு அமைப்பைப் பற்றி அமேசான் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில், வாங்கும் கூடை எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். இரண்டு நகல் முரண்பட்டால் இரண்டையும் சேர்த்துவிடு. பக்கவிளைவு, நீக்கிய பொருள் சிலசமயம் கூடைக்குத் திரும்பிவிடும். கடைக்காரருக்கு அதில் பெரிய வருத்தம் இருக்காது! வங்கிக் கணக்கில் இந்த விளையாட்டு ஆகாது.

எந்த மாற்றம் முன், எது பின் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லலாமே என்பீர்கள். எந்த இரண்டு கணினியின் கடிகாரமும் அச்சாக ஒத்துப்போகாது. கூகுள் 2012இல் விவரித்த ஸ்பேனர் என்ற டேட்டாபேஸ் இதை அழகாகக் கையாண்டது. டேட்டா சென்டர்களில் ஜி.பி.எஸ். கருவிகளும் அணுக் கடிகாரங்களும் வைத்தார்கள். அப்படியும் ட்ரூடைம் என்ற அவர்களுடைய நேரம் சொல்லும் ஏற்பாடு 'மணி இது' என்று அடித்துச் சொல்வதில்லை. 'இதற்கும் இதற்கும் நடுவில்' என்கிறது. நாம் 'ஏழு மணி வாக்கில் வருகிறேன்' என்கிறோமே, அதேதான். ஆனால் அந்த 'வாக்கில்' எவ்வளவு என்று அதற்குத் தெரியும்: பெரும்பாலும் 7 மில்லி விநாடிக்குள். ஒரு பரிவர்த்தனைக்கு நேர முத்திரை குத்தியதும், அந்த நேரம் எல்லா இடத்திலும் சந்தேகமின்றிக் கடந்துபோகும்வரை சும்மா காத்திருந்துவிட்டு, பிறகே 'முடிந்தது' என்கிறது. வேகத்துக்காக உயிரை விடும் தொழிலில், வேண்டுமென்றே காத்திருப்பது! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

என் முகவரிக்கு அணுக் கடிகாரமெல்லாம் தேவையில்லை. எழுதியவருக்கு மட்டும் அடுத்த சில விநாடிகள் மூலப் பிரதியிலிருந்தே காட்டினால் போதும். மற்றவர்கள் கொஞ்சம் பழையதைப் பார்த்தால் குடி முழுகாது.

ஆர்டர் பிரிவு தனக்கென்று இன்னொரு நகல் வைத்திருந்தது போலிருக்கிறது. அந்த வாரம் நான் வாங்கிய குக்கரை வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பழைய வீட்டுக்காரர் போன் செய்தார்.