காய்ச்சல் வந்த வாரத்து ஞாபகம்

நேயர்களே, வணக்கம். கடுங்காய்ச்சலில் படுத்து எழுந்தவரிடம், "முந்தாநாள் உங்களைப் பார்க்க யார் யார் வந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேரை மறந்திருப்பார். சூட்டில் மூளை குழம்பிவிட்டது என்போம். சூடு மட்டுமே காரணமில்லை. கிருமி நுழைந்த சேதியைச் செல்லுக்குச் செல் கடத்தும் சைட்டோகைன்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவற்றில் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற ஒன்றே இன்று நமக்குப் போதும். காய்ச்சலைக் கிளப்புகிறவர்களில் இதுவும் ஒரு முக்கியமான ஆள்.

கிருமி வயிற்றோடு நின்றுவிட்டாலும் சேதி தலைக்கு ஏறிவிடும். வேகஸ் நரம்பு ஒரு வழி, ரத்தக் குழாய்ச் சுவர் இன்னொரு வழி. சேதி வந்ததும் மூளையில் காவலிருக்கும் மைக்ரோகிளியா செல்கள் தாங்களே இன்டர்லூகினைச் சுரக்கின்றன. கிருமி மூளைக்குள் போகவே வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று. 1998-இல் அமெரிக்காவின் கொலராடோவில் செய்தார்கள். எலியைப் புதுப் பெட்டியில் விட்டு, சற்றுச் சுற்றிப் பார்க்க விடுவார்கள். பிறகு ஒரு ஓசை. ஓசை முடியும்போது காலடிக் கம்பியில் சுரீரென்று மின்சாரம். எலிக்கு இரண்டு பாடம்: இந்த இடம் ஆகாது, இந்த ஓசை ஆகாது. வெளியே எடுத்த கையோடு, பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை ஊசியில் ஏற்றுவார்கள். உயிருள்ள கிருமி இல்லை, வெறும் உறைதான். இரண்டு நாள் கழித்துப் பரீட்சை: அந்த இடத்தையும் அந்த ஓசையையும் கண்டு எலி பயந்து உறைகிறதா?

ஊசியை ஏன் பாடத்துக்குப் பிறகு போட வேண்டும்? முன்னால் போட்டால், நோய்ப்பட்ட எலி பாடத்தையே சரியாக வாங்கியிருக்காது. பரீட்சையை ஏன் இரண்டு நாள் தள்ளி வைக்க வேண்டும்? பயந்த எலி உறைந்து நிற்கும். சோர்ந்த எலியும் அசையாமல் கிடக்கும். உடம்பு தேறாமல் பார்த்தால் எது எதுவென்று தெரியாது. ஓசைப் பரீட்சைக்கு வேறு பெட்டி, வேறு வாசனை. இல்லாவிட்டால் இரண்டு ஞாபகமும் கலந்துவிடும்.

முடிவு? ஓசை நன்றாகவே நினைவிருந்தது. இடம்தான் மங்கியது. இடத்தை ஞாபகத்தில் பதிக்க மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தேவை. இன்டர்லூகின் கை வைப்பது அங்கேதான். இன்டர்லூகின் செல்லில் வந்து ஒட்டும் இடத்தை, அதாவது அதன் ஏற்பியை, அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது இட ஞாபகம் தப்பியது.

அப்படியானால் இந்த இன்டர்லூகின் எதிரியா? இல்லை. ஜெருசலேமில் அந்த ஏற்பியே இல்லாத சுண்டெலிகளைச் சோதித்தார்கள். அவையும் இடப் பாடத்தில் தோற்றன. ஒரு பாடத்தைப் படிக்கும்போதே ஹிப்போகாம்பஸில் இது கொஞ்சம் ஊறுகிறது, ஊறவும் வேண்டும். சமையலில் உப்பு மாதிரி: இல்லாவிட்டாலும் கெட்டது, கொட்டினாலும் கெட்டது. உப்பு என்பதை மறக்காதீர்கள், மறுபடி வரும்.

மனிதருக்கும் பார்த்தாயிற்று. 2001-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள 20 ஆண்களுக்குக் கிலோவுக்கு 0.8 நானோகிராம் உறைப்பொருள் ஏற்றினார்கள். அந்தத் துளியிலேயே சில மணி நேரம் மனக்கலக்கம் கூடியது, ஞாபகம் குறைந்தது.

வயதானால் சிக்கல் வேறு. அதே தொற்று வந்தால் இளம் எலியின் ஹிப்போகாம்பஸில் இந்த உப்பு சீக்கிரம் இறங்கிவிடுகிறது. இரண்டு வயதுக் கிழ எலிக்கு ஒரு வாரமானாலும் இறங்குவதில்லை. முதிர்ந்த மைக்ரோகிளியா திரி திரித்து வைத்த பட்டாசு போல. தொட்டால் வெடிக்கும், அடங்க நேரமாகும்.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். நரம்பு இணைப்புகளை மைக்ரோகிளியா கத்தரிக்கும் கதையைச் சொல்ல நேரமில்லை. ஒன்று மட்டும். வீட்டுப் பெரியவர் நேற்று வரை தெளிவாக இருந்து இன்று குழம்பிப் பேசினால், "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள், அன்றே டாக்டரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ அவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும். எப்போது தொடங்கியது என்று சொல்லுங்கள். சளிக்கோ தூக்கத்துக்கோ கடையில் வாங்கிய மாத்திரை எதுவும் கொடுத்திருந்தால், அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், சிலவகை மாத்திரை தானாகவே இந்தக் குழப்பத்தை உண்டாக்கும். வணக்கம்.