காணாமல் போன தனுஷ்கோடி லைனை மேப்பில் வரைவது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. வாசிக்கிறேன். "சார், பழைய ரயில்வே மேப்ல பாம்பன் ஜங்ஷன்னு போட்டிருக்கு. மெயின் லைன் தனுஷ்கோடிக்குப் போகுது, ராமேஸ்வரத்துக்கு ஒரு கிளை மட்டும் பிரியுது. இப்ப ராமேஸ்வரம்தானே கடைசி ஸ்டேஷன்? அந்த மேப் தப்பா? இப்ப இல்லாத லைனை எப்படி வரையுறது?"

மேப் தப்பில்லைங்க. 1964 வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. கோயிலுக்குப் போறவங்களை மட்டும் நினைச்சுக் கட்டின பாலம் இல்லை அது, கண்ணு கொழும்பு மேல இருந்துச்சு. அதுக்கு முன்னாடி தூத்துக்குடி போய்த்தான் கப்பல் ஏறணும். பாலம் வந்ததும் எழும்பூர்ல போட் மெயில் ரயில் ஏறினா தனுஷ்கோடி, அங்கேருந்து ஸ்டீமர்ல இலங்கையில இருக்கிற தலைமன்னார், மறுபடியும் ரயில், கொழும்பு. அதனால கப்பலுக்குப் போறவங்களுக்கு மெயின் லைன், சாமி கும்பிடப் போறவங்களுக்குக் கிளை.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல எல்லாம் மாறிப்போச்சு. பாம்பன்லேருந்து போன பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடி ஸ்டேஷனைத் தொடுறதுக்கு முன்னாடியே அலை கொண்டுபோயிடுச்சு. வண்டியில இருந்த யாரும் பிழைக்கலை. சேதமான பாலத்தை ரயில்வே இன்ஜினியர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்புல 46 நாள்ல நிமிர்த்திட்டாங்க. ஆனா தனுஷ்கோடி லைனை மறுபடி போடவே இல்லை. கிளையா இருந்தது மெயின் ஆச்சு, பாம்பன் ஜங்ஷன் சாதாரண ஸ்டேஷன் ஆச்சு. கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறி, எண்பதுகள்ல இலங்கைச் சண்டை வரைக்கும் ஓடுச்சு.

அதனால, "பாம்பன் லைன்"னு ஒரே ஒரு கோடு போட்டுட்டு வரலாறு வரைஞ்சாச்சுன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு துண்டுக்கும், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி ரெண்டும் வேணும். பழைய காலத்தை எல்லாரும் சேர்ந்து வரையுற ஓப்பன் ஹிஸ்டாரிக்கல் மேப் தளத்துல அதுக்குன்னே ஸ்டார்ட் டேட், எண்ட் டேட் இருக்கு. இன்னைக்கு இருக்கிறதை வரையுற சாதாரண ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல போய் தனுஷ்கோடி லைனை முழுசா வரைஞ்சா யாராவது அழிச்சிடுவாங்க, அவங்க அழிக்கிறது நியாயம்தான். தரையில இன்னைக்குத் தடயம் இருக்கிறதை மட்டும்தான் அங்க வைக்கணும்.

இப்ப எப்படி வரையுறதுன்னு பார்ப்போம். முதல்ல அமெரிக்க ராணுவம் ஐம்பதுகள்ல அச்சடிச்ச யு502 வரிசை மேப். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தோட தளத்துல இலவசமா கிடைக்குது. லைன் உயிரோட இருந்த காலத்து மேப், அதுதான் லாபம். ஆனா அளவு 1 : 2,50,000. அதாவது மேப்ல ஒரு மில்லிமீட்டர், தரையில 250 மீட்டர். பென்சில் கோடு கொஞ்சம் தடிச்சா லைன் பக்கத்து ஊருக்குப் போயிடும்! எந்த ஊர் வழியா போகுதுன்னு தெரிஞ்சுக்க அது போதும், எந்த இடத்துல போச்சுன்னு சொல்ல போதாது. அதுக்கு சர்வே ஆஃப் இந்தியாவோட பழைய டோப்போ ஷீட், அதாவது ஒரு மைலை ஒரு அங்குலமா வரைஞ்ச நில அளவை மேப், வேணும். அதுல ஒரு மில்லிமீட்டர் சுமார் 63 மீட்டர்தான். ஷீட்டோட ஓரத்துல அச்சடிச்ச வருஷத்தைப் பார்க்காதீங்க, சர்வே பண்ணின வருஷத்தைப் பாருங்க. மறு அச்சுல பழைய கோடு அப்படியே வந்திருக்கலாம்.

அடுத்தது எல்லாரும் மாட்டுற இடம். ஷீட்டை க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல ஏத்தி, மூலையில இருக்கிற அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே தட்டுறாங்க. அந்த ஷீட்டெல்லாம் எவரெஸ்ட்னு பூமியோட வடிவத்துக்கான ஒரு பழைய கணக்குல போட்டது, நம்ம ஜிபிஎஸ் வேற கணக்கு. ரெண்டுக்கும் இந்தப் பக்கத்துல நூறு, இருநூறு மீட்டர் தள்ளும். சமவெளியில இது பெரிசா தெரியாது. தனுஷ்கோடிப் பக்கம் ரெண்டு புறமும் கடல், நடுவுல ஒல்லியா மணல் திட்டு. இருநூறு மீட்டர் நகர்ந்தா உங்க ரயில் கடல்ல ஓடும். சரி, கடற்கரையை வெச்சு ஷீட்டை இன்னைய சாட்டிலைட் படத்தோட பொருத்தலாமேன்னா அதுவும் வேண்டாம், புயலுக்கு அப்புறம் கரை பழைய இடத்துலயே இல்லை. அசையாததைப் பிடிங்க. பழைய பாலத்தோட ரெண்டு முனை, ராமநாதசுவாமி கோயில் கோபுரங்கள், தனுஷ்கோடியில இடிஞ்சு நிக்கிற சர்ச். இதெல்லாம் சாட்டிலைட் படத்துலயும் தெரியும். மணல்ல மிச்சம் இருக்கிற ஸ்டேஷன் சுவர் உங்க கோட்டுப் பக்கத்துல விழுதான்னு கடைசியா பாருங்க. அதைப் பொருத்துறதுக்கு எடுக்காதீங்க, சரிபார்க்க மட்டும் வெச்சுக்கங்க.

ஸ்டேஷன் பேருக்கு அந்தந்த வருஷத்து டைம் டேபிள்தான். ராமநாதபுரம்னு தேடினா கிடைக்காது, ராம்நாட்னு தேடுங்க.

இன்னொண்ணு. இடைவெளியையும் பதியுங்க. 2006 வாக்குல மீட்டர் கேஜ் தண்டவாளத்தை மாத்துறதுக்கு வண்டியை நிறுத்தி, 2007ல அதைவிட அகலமான பிராட் கேஜ் வந்துச்சு. 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல வண்டி நின்னுச்சு, 2025 ஏப்ரல் 6 புதுப்பாலம் திறக்கிற வரைக்கும் தீவுக்கு ரயிலே கிடையாது. புதுப்பாலம் பழசுக்குப் பக்கத்துல தனியா நிக்குது, அதனால ரெண்டு கோடு. பழைய கோட்டை இழுத்து நகர்த்திடாதீங்க, ரொம்பப் பேர் அதைத்தான் பண்றாங்க.

2019ல ராமேஸ்வரம்–தனுஷ்கோடி புது லைனுக்கு அடிக்கல் நாட்டினாங்களே, அதைச் சேர்க்கலாமான்னும் சிலர் கேட்கிறீங்க. வேண்டாம். தண்டவாளமே போடலை. அது பழைய தடமும் இல்லை, பழசு பிரிஞ்சது பாம்பன்ல, இது ராமேஸ்வரத்துலேருந்து போறதா இருந்துச்சு. வேணும்னா திட்டம்னு தனி அடுக்குல வெச்சுக்கங்க. தலைமன்னார் பக்கத்தையும் வரையுறவங்க, அங்க 1990ல நின்ன லைன் 2015ல திரும்ப வந்துச்சு, அந்த இடைவெளியையும் போட்டுடுங்க.

சரி, அடுத்த கேள்வி போடி லைனைப் பத்தி வந்திருக்கு.